கலியாணம் சொன்ன சினை

நான் பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில், மலாக்கா காஜா பெராங்கில். பிறந்த சில வாரத்திலேயே என் அம்மா நூர்ஜஹானுக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. டின்பால் கடைகளைவிட்டு மறைந்து வெகுநாளாகியிருந்தது. மரவள்ளிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தால் கக்கிவிடுவேனாம். பக்கத்துச் சந்தில் மாடு வைத்திருந்த பூங்காவனத்தின் செவலைப் பசுதான் எனக்குப் பால் கொடுத்தது. அந்தப் பசுவைக் காப்பாற்றியவர் கலியாணசுந்தரம்.

இந்தக் கதை அவரைப் பற்றியது. பாதி என் அம்மா சொன்னது. மீதி, அம்மாவின் தகப்பனார், என் நன்னா ஷரீஃபுதீன் சொன்னது. நன்னா மாட்டிறைச்சி வியாபாரி. கலியாணசுந்தரமும் தன் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும்போது, அறை வாங்குகிற இடம் மட்டும் சட்டென்று முடிந்துவிடும்.

அவரை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலியாணம் என்றுதான். நாற்பது வயதைத் தாண்டியும் கலியாணம் ஆகாதவர் என்பதால், கூப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பெயரிலேயே ஒரு சிரிப்பு இருந்தது. அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் நடத்திய மாட்டு வைத்திய இலாகாவில் அவருக்கு வேலை. டாக்டர் அல்ல, மருந்து போடுகிற டிரஸரும் அல்ல. இலாகாவின் பொலிகாளையை மேய்ப்பார், குளிப்பாட்டுவார். பசு பருவத்துக்கு வந்திருக்கிறது என்று யாராவது சொல்லியனுப்பினால் காளையை ஓட்டிக்கொண்டு போவார். டாக்டர் ஊசி போடும்போது மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வார். பக்கத்துக் கிராமமான குருபோங்கில் ஓர் எருமைக்குத் தொண்டை அடைப்பான் கண்டுவிட்டது என்று கேள்விப்பட்டால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய், மற்ற எருமைகளைத் தள்ளிக் கட்டச் சொல்லிக் கத்துவார். அவருடைய மலாய் பாதி தமிழ். மலாய்க்காரர்களுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அவர் போடும் சத்தத்துக்காகவே எருமைகளைத் தள்ளிக் கட்டினார்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மாட்டை நலம் விசாரிப்பார். வீட்டுக்காரரைப் பிறகுதான்.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. அறுப்புக் கொட்டகைக்கு வருகிற பசுக்களையும் பெண் எருமைகளையும் சினை பார்க்க வேண்டும். சினை மாட்டை அறுக்கக் கூடாது என்பது இலாகாவின் கண்டிப்பு. இன்றைக்குக் கிடைக்கிற கறிக்காக நாளைய மந்தையை அழித்துவிடக் கூடாதல்லவா. அவர் விலாவில் முஷ்டியை வைத்து அழுத்திப் பார்ப்பார். சந்தேகமாக இருந்தால் கையில் எண்ணெய் தடவி உள்ளே விட்டுப் பார்ப்பார். "சினை" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த மாடு வீட்டுக்குத் திரும்பும். அவரும் நன்னாவும் சிநேகிதர்கள் ஆனது அந்தக் கொட்டகையில்தான்.

ஜப்பான்காரன் வடக்கிலிருந்து இறங்கி வருகிறான் என்றதும் இலாகாவின் வெள்ளைக்காரத் துரைமார்கள் சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போனார்கள். ஆபீஸ் திறந்து கிடந்தது. மேசை நாற்காலிகளை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். பொலிகாளை மட்டும் கொட்டிலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக் காளை அது, திமில் ஒரு சிறு குன்றுபோல இருக்கும். சர்க்கார் காளை என்பதால் ஊரில் அதன் பெயரே கவர்மெண்டு. கலியாணம் அதை அவிழ்த்து, கடைகள் சூறையாடப்பட்டுக்கொண்டிருந்த தெருக்களின் வழியே நடத்தி, காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"பாய், ஒரு ரெண்டு நாளைக்கு இவன இங்க கட்டிக்கட்டுமா?"

நன்னா காளையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "என்னப்பா இது! கசாப்புக்காரன் கொட்டாயில கொண்டாந்து கட்டுறே. பயமா இல்லையா?"

"வெளியில திரியிறவனுங்களுக்குத்தான் பயம். உங்ககிட்ட என்ன பயம்?"

"தொரைங்க எல்லாம் போயிட்டாங்களா?"

"கவர்மெண்டு ஓடிப்போச்சு பாய். இந்தக் கவர்மெண்டுதான் மிச்சம்."

ஊர் அடங்கிச் சில மாதம் கழித்து ஜப்பான்காரன் மாட்டு வைத்திய ஆபீசை மறுபடி திறந்தான். ஹயாஷி என்று ஒரு மாட்டு டாக்டர் பட்டாளத்திலிருந்து வந்தான். மூக்குக்கண்ணாடி போட்ட இளவயதுக்காரன். மலாயைப் புத்தகத்தில் படித்திருந்தான் போலும், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பான். கலியாணம் பயந்து பயந்து யோசித்தார். காளையை ஒளித்துவைத்தால் என்றைக்காவது ஒரு நாள் சிப்பாய்கள் பார்த்துக் கறியாக்கிவிடுவார்கள். கொண்டுபோய்க் காட்டினால் தனக்கு வேலை கிடைக்கும், தனக்கு வேலை கிடைத்தால் காளை பிழைக்கும். தேங்காய் நார் வைத்துத் தேய்த்து, கொம்புக்கு எண்ணெய் தடவி, கல்யாண மாப்பிள்ளைபோல ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஹயாஷி காளையை இரண்டு முறை சுற்றிவந்தான். பல்லைப் பார்த்தான், குளம்பைத் தூக்கிப் பார்த்தான். பிறகு கலியாணத்தைக் காட்டி, "நீ, இதோடு இரு" என்றான். அவ்வளவுதான் நியமனம். காளை பிறகும் எங்கள் கொல்லையிலேயே கட்டிக்கிடந்தது.

அடுத்த வருஷம் நிலைமை இறுகியது. அரிசி ரேஷன் குறைந்துகொண்டே வந்தது. ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள்; போனவர் பலர் திரும்பவில்லை. பட்டாளத்துக்குக் கறி வேண்டும், ஒவ்வொரு பகுதியும் இத்தனை மாடு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. காஜா பெராங்கில் மாடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ப் பால்காரக் குடும்பங்கள். காளைக் கன்றுகள் முதலில் போயின. அப்புறம் கிழ மாடுகள். அப்புறம் பூங்காவனத்தின் செவலையின் முறை வந்தது.

பூங்காவனம் சண்டைக்கு முன்பே கணவனை இழந்தவள். அந்த ஒரு பசுவை வைத்துத்தான் பிழைப்பு. செவலையின் கன்று செத்து வெகுநாளாகியும் அது அவள் கைக்கு மட்டும் பால் சுரந்துகொண்டிருந்தது. அந்தப் பாலில் எங்கள் சந்தில் நானும் இன்னும் சில கைக்குழந்தைகளும் உயிர் வளர்த்தோம். அன்று காலை சிப்பாய் ஒருவன் முன்னால் போக, பூங்காவனம் பசுவின் கழுத்தில் கைபோட்டபடி கொட்டகைக்கு வந்தாள். அழவில்லை. கலியாணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கலியாணம் விலாவில் அழுத்திப் பார்த்தார். எண்ணெய் தடவிக் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. அவருக்கு அது முன்னாலேயே தெரியும்.

கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்ற நன்னாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"சினை" என்றார்.

மேற்பார்வைக்கு வந்திருந்த குமாஸ்தாவுக்குச் சந்தேகம். நன்னாவிடம் திரும்பி, "பாய், நீ தொட்டுப் பார்த்துச் சொல்" என்றான். எத்தனையோ மாட்டைக் கண்ட கை அது, நன்னாவுக்கும் தொட்டால் தெரியும். தொழிலில் தான் பொய் சொன்னதில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை. பசுவின் வயிற்றில் கையை வைத்தார். முந்தின நாள் சாயங்காலம் நான் அந்தப் பசுவின் பாலைக் குடித்துவிட்டு அவர் மடியில் தூங்கிப்போனது நினைவுக்கு வந்ததாம்.

"ஆமா. வயித்துல இருக்கு" என்றார்.

செவலை வீட்டுக்குத் திரும்பியது. அன்று மதியம் ளுஹர் தொழுகையில் நன்னா நெற்றியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தரையில் வைத்திருந்ததாக அம்மா சொல்வாள்.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. விஷயம் பால்காரர்களிடையே பரவியது. புக்கிட் காதிலிலிருந்து ஒருவர் வந்து, "அண்ணே, நம்ம கறுப்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று காலைப் பிடித்தார். கலியாணத்துக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. புக்கிட் ரம்பாயிலிருந்து மலாய்க்காரர் ஒருவர் எருமையோடு வந்தார். உழுகிற எருமை போய்விட்டால் வயல் தரிசாகும் என்று அவர் சொன்னபோது, அதுவும் நியாயமாகப் பட்டது. கறவை மாடு, ஈன்று பழகிய இளமாடு, உழவுக்கு உதவுகிற எருமை எல்லாமே சினை. பல் விழுந்த கிழடுகளை மட்டும், தடவிக்கொடுத்துவிட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே அனுப்பினார். ஊரே வாழ்த்தியது. அவருக்கோ சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே ஒல்லியான மனிதர், வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார்.

"ஏன் கலியாணம், இது எதுல போய் முடியும்?" என்று நன்னா கேட்டார்.

"தெரியல பாய். மாடு வந்து மொகத்தப் பாக்குது. வாய் தன்னால சொல்லிடுது."

மழைக்காலம் தொடங்கியபோது ஹயாஷி கொட்டகைக்கு வந்தான். அவனும் மாட்டு டாக்டர்தானே, எத்தனை நாள் ஏமாறுவான். அன்று காலை கலியாணம் சினை என்று ஒதுக்கி நிறுத்திய மாடுகளை வரிசையாகக் கட்டச் சொன்னான்.

"மலாக்காவில் என்னிடம் எத்தனை பொலிகாளை இருக்கிறது?" என்று மலாயில் கேட்டான்.

"ஒன்றுதான், துவான்."

"ஒரு காளை. இவ்வளவு சினை. அது தூங்குவதே இல்லையா?"

மூக்குக்கண்ணாடியையும் சட்டையையும் கழற்றினான். தோள்வரை எண்ணெய் பூசிக்கொண்டான். முதல் மாடு, இரண்டாவது மாடு, மூன்றாவது மாடு என்று நிதானமாகப் பார்த்தான். வாளித் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். பிறகு விட்டானே ஓர் அறை! கலியாணம் சாணிக் குழியில் போய் விழுந்தார். அவர் எழுந்து நிற்கும்வரை காத்திருந்து இன்னொன்றும் கொடுத்தான்.

நன்னா நின்ற இடத்திலேயே நின்றார். ஜப்பானின் ராணுவப் போலீஸ் கெம்பித்தாய் வந்து கலியாணத்தைக் கொண்டுபோய்விடும், கூடவே தன்னையும் கொண்டுபோகும் என்று கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். ஹயாஷி கெம்பித்தாயைக் கூப்பிடவில்லை. மேலே இருந்தவர்கள் அவனிடம் கறியும் கேட்டார்கள், நெல் விளைச்சலும் கேட்டார்கள், உழவு மாடு எங்கே என்றும் கேட்டார்கள். எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் அடுத்த வருஷம் அவன் எதைக் காட்டுவான்? அதோடு அவனிடம் இருந்த ஆளும் கலியாணம் ஒருவர்தான்.

"நீ கன்று இருக்கிறது என்று சொன்னாய். எனக்குக் கன்று வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் வந்து பார்ப்பேன். நீ சினை சொன்ன ஒவ்வொரு மாட்டின் பக்கத்திலும் கன்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாடு இங்கே வரும். நீ சயாமுக்குப் போவாய்."

அன்றிலிருந்து கலியாணத்துக்கும் கவர்மெண்டுக்கும் ஓய்வில்லை. விடிந்ததும் காளையை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் புக்கிட் காதில், ஒரு நாள் குருபோங். தெருவில் அவரைப் பார்த்தால், "கலியாணம் கலியாணம் பண்ணி வைக்கப் போறாருடோய்!" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், கன்னத்து வீக்கம் வற்றாத அந்த முகத்தோடு. எருமைகளுக்குக் கவர்மெண்டால் ஆகாது. அதற்காக புக்கிட் ரம்பாய் மலாய்க்காரர் ஒருவரைக் கெஞ்சி, அவருடைய எருமைக் கடாவைச் சுற்றுக்கு விட ஏற்பாடு செய்தார்.

ஆனால் காளை இருந்தால் மட்டும் போதுமா? பசிபட்ட மாடு பருவத்துக்கே வருவதில்லை. மனிதர்களே மரவள்ளியில் காலம் தள்ளும்போது மாட்டுக்குத் தவிடு எங்கே கிடைக்கும்? வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மரவள்ளி பிடுங்கினால் இலையை எறியாதீர்கள், வெயிலில் நன்றாக வாட்டி மாட்டுக்குப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் விஷம். சாக்கடை ஓரம் வெறுமனே கிடந்த மண்ணிலெல்லாம் யானைப்புல் கரணை நட வைத்தார். எண்ணெய் ஆலையில் கெஞ்சித் தேங்காய்ப் புண்ணாக்கு வாங்கிவந்தார். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துவர ஆள் பிடித்தார். எலும்புச் சாம்பல் போட்டால் மாட்டுக்குச் சத்து என்று துரை காலத்தில் கேட்டிருந்தார். நன்னாவிடம் எலும்புக்கா பஞ்சம்? இருவரும் ஒரு மூட்டை எரித்து இடித்தார்கள். முதல் பொட்டலத்தைப் பூங்காவனத்திடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"என்ன அண்ணே இது?"

அவர் சொன்னார். அவள் பொட்டலத்தை அவர் காலடியில் போட்டாள்.

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? மாட்டு எலும்ப மாட்டுக்கே போடுறதா?"

"சாம்பல்தான் தங்கச்சி. எரிச்சுட்டா வெறும் சாம்பல்."

"சாம்பலானா என்ன? நாளைக்கு நான் செத்தா என் சாம்பலையும் போடுவீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நன்னாவே, "அந்தப் புள்ள சொல்றதுலயும் நியாயம் இருக்கு கலியாணம். வேற ஏதாச்சும் பாரு" என்றார்.

வேறு வழி செட்டி கம்போங் என்கிற குடியிருப்பில் கிடைத்தது. அங்கிருந்த செட்டிப் பெண்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், பொட்டு வைக்கிறவர்கள், ஆனால் பேசுவது மலாய். அவர்கள் வீட்டுக் கொல்லைகளில் சமைத்துப் போட்ட கெராங் சிப்பி ஓடு குவிந்து கிடந்தது. கலியாணம் தன் பாதித் தமிழ் மலாயில் கேட்டார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சாக்குச் சாக்காக அள்ளிக் கொடுத்தார்கள். சுட்டு இடித்துப் புண்ணாக்கில் கலந்தார். இதைப் பூங்காவனம் ஒப்புக்கொண்டாள்.

மெல்ல மெல்ல மாடுகளின் முதுகெலும்பு மறைந்தது. ஒவ்வொன்றாகப் பருவத்துக்கு வந்தன. இந்த முறை கலியாணம் கைவிட்டுப் பார்த்துச் "சினை" என்று சொன்னபோது, மெய்யாகவே சினை. 

எல்லாம் சீராகிவந்த வேளையில் கோமாரி வந்தது. பட்டாளத்துக்காக வெளியூரிலிருந்து ஓட்டிவந்த மந்தை காஜா பெராங் வழியாகப் போயிற்று. சில நாள் கழித்து கவர்மெண்டின் வாயில் நுரை. நாக்கில் கொப்புளம். குளம்பு வெடித்து நிற்க முடியாமல் நின்றது. கலியாணம் எங்கள் கொல்லையில் காளையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆபீஸ்ல சொல்லப் போறியா?" என்று நன்னா கேட்டார். "காளை படுத்துருச்சுன்னு தெரிஞ்சா அவன் என்ன செய்வானோ."

"சொல்லலேன்னா ஊர்ல உள்ள மாட்டுக்கெல்லாம் பரவிடும் பாய். வயித்துல இருக்கிற கன்னுங்க விழுந்துரும்." காளையின் வாய் நுரையைத் துண்டால் துடைத்தார். "சினை விஷயத்துல பொய் சொல்லலாம். சீக்கு விஷயத்துல சொல்லக் கூடாது."

போய்ச் சொன்னார். ஹயாஷி உடனே வந்தான். காளையின் வாயைத் திறந்து பார்த்தான். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. காஜா பெராங்குக்குள் வருகிற வழிகளில் கயிறு கட்டி, மாடு எதுவும் உள்ளே வரவும் வெளியே போகவும் கூடாது என்று தடுத்தான். பட்டாளத்து மந்தை ஒன்று புக்கிட் காதில் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதையும் நிறுத்தினான். அதை ஓட்டிவந்த ஜப்பான் அதிகாரி அவனைத் தெருவில் வைத்துக் திட்டித் தீர்த்தானாம். ஹயாஷி தலையைக் குனிந்துகொண்டு நின்றான், கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. "அன்னைக்கு அவன் டாக்டரா இருந்தான்" என்பார் கலியாணம். அவனைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

மருந்து ஏதும் இல்லை. உப்புத் தண்ணீரும் படிகாரமும் போட்டு வாயைக் கழுவினார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் குளம்பில் கட்டினார். காளைக்குப் புல்லைக் கடிக்க முடியவில்லை. தன் ரேஷன் அரிசியைக் கஞ்சியாக்கி, மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார். அவருடைய அரிசி தீர்ந்ததும் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். தங்களுக்கே பற்றாத கஞ்சி அது. சில நாள் கழித்து ஒரு காலையில் கவர்மெண்டு தலையை நீட்டி, கலியாணத்தின் தோளில் கிடந்த துண்டை இழுத்து மெல்லத் தொடங்கியது. அவர் துண்டை விட்டுக்கொடுத்துவிட்டுக் குழந்தைபோல அழுதாராம்.

நோய் கயிற்றைத் தாண்டிப் போகவில்லை. ஆனாலும் காஜா பெராங்கில் இரண்டொரு கன்று விழுந்தது. அந்த மாடுகளுக்கு மறுபடி காளை காட்டினார். மறு வருஷ நடுவிலிருந்து கன்றுகள் பிறக்கத் தொடங்கின. புக்கிட் காதில் கறுப்பிக்கு ஒரு வெள்ளைக் கிடேரி. புக்கிட் ரம்பாய் எருமைக்கு ஒரு கடா. கலியாணம் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஓடினார். முழங்கை வரை இரத்தமும் முகம் நிறையச் சிரிப்புமாகத் திரும்பிவருவார்.

செவலை மட்டும் சினை பிடிக்கவில்லை. மூன்று முறை காளை காட்டியும் தங்கவில்லை. முதல் பொய் எந்தப் பசுவுக்காகச் சொன்னாரோ அந்தப் பசுவின் பக்கத்தில் கன்று இல்லை. மழைக்காலம் நெருங்கியது.

"இது ஒண்ணுக்காக உங்கள சயாமுக்கு அனுப்பிருவானா அண்ணே?" என்று பூங்காவனம் கேட்டாள். "நானே கொண்டுபோய் விட்டுர்றேன். மாடு போனாப் போவுது."

"சும்மா இரு தங்கச்சி. போனாப் போவுதாம்! அப்புறம் பிள்ளைங்களுக்குப் பாலு?"

அந்த வாரம் குருபோங்கில் சேதுபதி என்பவருடைய பசு கன்று ஈன்றபோது செத்துப்போனது. கன்று பிழைத்துக்கொண்டது, கரிக்கட்டைபோலக் கறுப்பு. ஆட்டுப்பால் புகட்டிப் பார்த்தும் தேறவில்லை. சேதுபதி, "எடுத்துக்கிட்டுப் போங்க, இங்க இருந்தா செத்துரும்" என்றார். கலியாணம் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி குருபோங்கிலிருந்து நடந்தே வந்தார். நேரே செவலையின் கொட்டிலுக்குப் போனார். உப்பைக் கரைத்துக் கன்றின் மேலெல்லாம் பூசி, செவலையின் முகத்துக்கு நேராக நிறுத்தினார். செவலை முதலில் முட்டித் தள்ளியது. பிறகு முகர்ந்தது. உப்பை ஒரு நக்கு நக்கியது. அப்புறம் நிறுத்தவேயில்லை. பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கன்று தட்டுத்தடுமாறி மடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

ஹயாஷி சொன்ன சொல் தவறாமல் வந்தான். கலியாணம் முன்னால் நடக்க, ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். ஒவ்வொரு வீட்டிலும் கன்று நின்றது. தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். கடைசியில் பூங்காவனத்தின் கொட்டில். சிவப்புப் பசு, கறுப்புக் கன்று. ஊரில் இருக்கிற ஒரே பொலிகாளை வெள்ளை. ஹயாஷி குனிந்து பசுவின் பின்புறத்தைப் பார்த்தான், மடியைப் பார்த்தான். அண்மையில் ஈன்ற பசு அல்ல என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"கறுப்பு" என்றான்.

"ஆமாம் துவான், கறுப்பு" என்றார் கலியாணம். "இவளுடைய அம்மா கறுப்பு."

"இது இவள் கன்றா?"

கலியாணம் குனிந்து கன்றின் முதுகைத் தடவினார். பூங்காவனம் அதுவரை ஜப்பான்காரனிடம் பேசியதே இல்லை. தனக்குத் தெரிந்த நாலைந்து மலாய்ச் சொல்லைச் சேர்த்து, சற்று உரக்கவே சொன்னாள்: "அது குடிக்குது. இவ குடுக்குறா. வேற என்ன வேணும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நன்னா கண்ணை மூடிக்கொண்டார்.

ஹயாஷி கலியாணத்தைப் பார்த்து, "பக்கேரோ" என்றான். முட்டாள் என்று அர்த்தம். ஆனால் கை ஓங்கவில்லை. பூட்சில் ஒட்டிய சாணியைக் கொட்டில் மரத்தில் தேய்த்துவிட்டு, மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த வருஷம் ஜப்பான் சரணடைந்தது. ஹயாஷி எந்தக் கைதி முகாமுக்குப் போனான், என்ன ஆனான் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த வெள்ளைக்காரன் இலாகாவைத் திறந்தபோது, சண்டைக்கு முன் இருந்த காளை இன்னும் இருக்கிறது என்று கேட்டுப் புதிதாக வந்த துரை நம்பவில்லை. வந்து பார்த்துவிட்டு, கலியாணத்தோடு கைகுலுக்கினார். அந்தக் கையைக் கலியாணம் அன்று முழுதும் ஒரு மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரிந்தார் என்று நன்னா கிண்டல் செய்வார். கவர்மெண்டு மேலும் சில வருஷம் இருந்து, கிழடாகிச் செத்தது. நன்னாவும் கலியாணமும் சேர்ந்துதான் குழி வெட்டினார்கள். தன் வாழ்நாளில் நன்னா புதைத்த மாடு அது ஒன்றுதான்.

கலியாணத்துக்கும் ஒரு வழியாகக் கலியாணம் ஆனது. பூங்காவனத்தைத்தான் கட்டுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரோ புக்கிட் ரம்பாயில் எருமைக்கு ஊசி போடப் போன இடத்தில் பாக்கியலட்சுமி என்ற பெண்ணைப் பார்த்து, யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டார். பூங்காவனம் அந்தக் கலியாணத்துக்கு ஒரு குடம் பால் கொண்டுபோனாள்.

நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவரை நன்றாகப் பார்த்திருக்கிறேன். காக்கிச் சட்டை, பழைய சைக்கிள், தூரத்திலேயே கேட்கிற குரல். பள்ளிவாசல் பக்கம் என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, "செவலை மக எங்க போறா?" என்று கேட்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் அவர் கேட்காமல் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. சினை பார்த்து அவர் சொல்வதைக் காஜா பெராங்கில் யாரும் லேசில் நம்பவில்லை. ஒரு நாள் எங்கள் சந்தில் அவர் ஒரு மாட்டின் விலாவிலிருந்து கையை எடுத்து, "சினைதான்" என்று சொன்னபோது நானும் அங்கே நின்றிருந்தேன்.

"இது நெசச் சினையா அண்ணே, இல்ல ஜப்பான்காரன் காலத்துச் சினையா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கலியாணம் முறைத்தார். கையைக் கழுவிக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் பத்தடி போனபின் திரும்பிக் கத்தினார்: "தையில வந்து பாரு! கன்னு போடலேன்னா அப்பக் கேளு!"

தை பிறப்பதற்குள்ளேயே அது கன்று போட்டது.